டோக்கியோவுக்கு நான் எழுதிய சிபாரிசுக் கடிதம்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, என் பேச்சின் நீளத்தை இப்போதே அளக்கத் தொடங்கிவிட்ட தலைவர் ஈஸ்வரமூர்த்தி அவர்களே! எந்த வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்பதை ஏட்டில் எழுதாமலே நெஞ்சில் எழுதி வைத்திருக்கும் செயலாளர் அருமைநாதன் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பேச்சையும் தட்டில் ஆறும் ரோல்ஸையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! சிட்னி மெரிலேண்ட்ஸில் சனிக்கிழமை மாலை கார் நிறுத்த இடம் பிடித்து வென்று வந்த வீரர்களே! யோகாவின் தகப்பன் வரதராஜாவின் வணக்கம்!

விழா! என் மகளுக்குப் பாராட்டு விழா! மங்கா என்னும் சித்திரக்கதையை ஜப்பான்காரருக்கே வரைந்து கொடுத்து, டோக்கியோ மாத இதழ் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகத் தொடர் நடத்தும் சிட்னித் தமிழ்ப் பெண்ணுக்கு விழா! வாசலில் பதினான்கு பேர் என்னிடம் சொன்னார்கள், "நான் அப்பவே சொன்னனான், இந்தப் பிள்ளை சாதிக்கும் எண்டு." எண்ணினேன் ஐயா, பதினான்கு பேர்!

அப்போது எங்கே இருந்தார்கள் இந்தப் பதினான்கு பேரும்? எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள்! மூன்று ஆண்டுகளுக்கு முன், 2005இல், யோகா மருத்துவப் படிப்பை விட்டாள் என்று கேள்விப்பட்டதும், செத்த வீட்டுக்கு வருவதுபோல் வந்தார்கள். இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார்கள். ஒரு அன்ரி என் மனைவி தனலெட்சுமியின் கையைப் பிடித்து, "கவலைப்படாதேங்கோ, இப்ப எல்லாத்துக்கும் மருந்து இருக்கு" என்றார். படம் கீறுவதற்கு மருந்து! அதைக் கண்டுபிடிக்கத்தான் அவளை மருத்துவம் படிக்கச் சொன்னோமோ என்னவோ!

ஆனால் இந்தக் கதையின் மாபெரும் வீரச்செயல் உங்களுடையதல்ல. பொறாமைப்படாதீர்கள், அது என்னுடையது.

2003ஆம் ஆண்டு. அவள் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவி. முப்பத்திரண்டு பக்கம் வரைந்து, டோக்கியோ இதழொன்றின் புதியவர் போட்டிக்கு அனுப்ப உறையில் இட்டாள். பரீட்சைக்கு ஓடும் அவசரத்தில், "அப்பா, இதைப் போஸ்ட் பண்ணிவிடுங்கோ, ப்ளீஸ்" என்றாள். செய்தேனா? அதற்கு முன் அருமைநாதனிடம் ஆலோசனை கேட்டேன்! "பிள்ளை யூனிவர்சிட்டிக்கு எடுபட்ட யூ.ஏ.ஐ. ரிசல்ட்டையும் உள்ள வையுங்கோ வரதர். நல்ல குடும்பத்துப் பிள்ளை எண்டு அவங்களுக்கும் தெரியத்தானே வேணும்" என்றார். வைத்தேன். பரத நாட்டிய அரங்கேற்றப் படத்தையும் வைத்தேன். அத்தோடு நின்றேனா? ஆங்கிலத்தில் என் கைப்படக் கடிதமும் வைத்தேன். "மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, என் மகள் மருத்துவ மாணவி. தயவுசெய்து அவளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். படிப்பில் கவனம் செலுத்தும்படி இரண்டு வரி எழுதி உதவவும். இப்படிக்கு, அன்புள்ள தந்தை."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அருமைநாதன் அவர்களே, உங்களுக்கு மட்டும் ஏன் சிரிப்பு வரவில்லை?

போட்டியில் அவள் வெல்லவில்லை. இரண்டு ஆண்டு கழித்துப் படிப்பை விட்டு, புதிய பக்கங்களோடு டோக்கியோவுக்கே போய், அதே இதழின் பதிப்பகப் படியேறினாள். அந்தப் பக்கங்களில் பள்ளிச் சீருடை, செர்ரிப் பூ, ரயில் நிலையம் என்று அத்தனையும் அச்சு அசல் ஜப்பான். ஆசிரியர் மூன்றே நிமிடத்தில் புரட்டி முடித்து, "இதை வரைய இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள்" என்றார். பிறகு அவள் பெயரைப் பார்த்தார். எழுந்து போய்ச் சுவரிலிருந்து ஒரு தாளைப் பிடுங்கிவந்தார். என் கடிதம்! தன் பிள்ளையைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று கெஞ்சிய தகப்பனை அந்த அலுவலகம் அதற்கு முன் கண்டதே இல்லையாம்; இதையெல்லாம் யோகா தாயிடம்தான் சொன்னாள். "இதை வரை" என்றார்.

வரைந்தாள், திருப்பினார்! மாற்றி வரைந்தாள், மறுபடி திருப்பினார்! ஏழு முறை திருப்பினார். எட்டாம் முறை ஏற்றார். ஏழு முறை திருத்தி எழுதிய பிள்ளை நம் சமூகத்தில் வேறு எவர் வீட்டில் இருக்கிறது? அவள் படிக்கவில்லை என்றுதானே சொன்னோம்!

அந்தத் தொடர் புத்தகமாக வந்து வாசலில் இருந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். இடப்பக்கம் திறந்து, கடைசிப் பக்கத்தைக் கண்டு, "அருமையான தொடக்கம்" என்றீர்கள். ஜப்பான் புத்தகத்தை வலப்பக்கம் இருந்து திறக்க வேண்டும் அம்மா! திறந்தால் இடியப்பத்தோடு நீங்கள் வருவீர்கள். அடுத்து அருமைநாதன். அதற்கடுத்து மீசையும் மூக்குக்கண்ணாடியுமாகக் குசினி மேசையில் கடிதம் எழுதும் ஒருவன். ஜப்பான் மொழி எனக்குத் தெரியாது. அந்த முகம் தெரிந்தது. புத்தகம் தபாலில் வந்த அன்று அதே மேசையில் இருந்து அழுதேன். அத்தனை ஆண்டும் தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா அப்பா?" என்றுதான் கேட்டாள். கடிதத்தைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை.

நேற்று முதன்முறை கேட்டாள். "அப்பா, கடைசி அத்தியாயம். தகப்பனும் மகளும் சந்திக்கினம். தகப்பன் பேசுற வட்டத்தை மட்டும் வெறுமையா விட்டிருக்கிறன். எல்லாரையும் நானே கதைக்க வைச்சிட்டன், யூ நோ, உங்களை மட்டும் ஏலாமக் கிடக்கு. நாளைக்கு டெட்லைன்."

அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தனியே சொன்னால் தப்பித்துக்கொள்வேன் என்று என்னை எனக்குத் தெரியும். ஆகவே சபையோரே, நீங்கள் சாட்சி. தனலெட்சுமி, டோக்கியோவுக்கு ஃபோன் எடு. எடுத்துவிட்டாளா? ஃபோனை உயர்த்திப் பிடி.

யோகா, எழுதிக்கொள் பிள்ளை. "அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினனான். சனம் என்ன சொல்லும் எண்ட பயத்தில எழுதினனான். பிழை என்னில. என்னை மன்னிச்சிடு." வட்டத்துக்குள் அடங்காவிட்டால், வட்டத்தைப் பெரிதாகக் கீறு மகளே!

பொறுமை காத்த சபைக்கு நன்றி. தூரத்தில் பேனாவோடு இருப்பவளுக்கு இந்தத் தகப்பனின் வணக்கம்.