பாலத்தால் போகாத கார்

லூர்தம்மா: நில்லுங்கோ தம்பி... இண்டைக்குத்தான் முதல்முதல் உங்கட காரில ஏறினன். லண்டன் பார்க்கிங் டவுனில இருந்து டார்ட்ஃபர்ட் கெயார் ஹோமுக்குப் போறதுக்கு ஆர் பிளாக்வால் சுரங்கப்பாதையடியில வந்து மாட்டுப்படுவினம்?

ஞானேஸ்வரன்: இது ஓசி றோட்டு அக்கா.

லூர்தம்மா: டார்ட்ஃபர்ட் பாலத்தால போயிருந்தா இப்ப வேலைக்கே இறங்கியிருப்பம்!

ஞானேஸ்வரன்: பாலத்துக்கு டோல் காசு கேப்பாங்கள். ஒரு பவுணா இருந்ததையும் ஒண்டரை ஆக்கிப்போட்டாங்கள்.

லூர்தம்மா: நகுலா, மூண்டு வருசமா மனுசனோட இதாலையோ வேலைக்கு வாறீர்?

நகுலேஸ்வரி: என்ன செய்யிறது அக்கா... இவர் கேட்டால்தானே.

லூர்தம்மா: அரை மணித்தியாலம் மிச்சம் வரும் தம்பி! அது ஒண்டரைப் பவுண் பெறாதோ?

ஞானேஸ்வரன்: மிச்சம் வந்த அரை மணித்தியாலத்தைக் கொண்டுபோய் பாங்கில போடவோ?

லூர்தம்மா: இந்தக் கியூவில எரியிற பெற்றோல்...

ஞானேஸ்வரன்: எஞ்சினை நிப்பாட்டிட்டனே.

லூர்தம்மா: மாதாவே! பின்னால நிக்கிறவன் ஹோர்ன் அடிக்கிறான்!

நகுலேஸ்வரி: அடிக்கட்டும்... இஞ்சருங்கோ, இன்னும் ஒரு வாய் புட்டுக் கிடக்கு, ஆவெண்ணுங்கோ.

லூர்தம்மா: டோல் குடுக்காத மனுசனுக்குத் தீத்தியும் விடுறா! சரி, இதைக் கேளுங்கோ. என்ர மருமோன் பிரியந்தன் திங்கள் தொடக்கம் எங்கட ஷிப்டுக்கு வாறான். அவன்ர கார் பாலத்தாலதான் போகும், டோல் அவன்ர பாடு. நகுலா, உமக்கும் ஒரு இடம் சொல்லி வைச்சிட்டன்.

ஞானேஸ்வரன்: திங்களிலயிருந்தோ?

லூர்தம்மா: ஓம் தம்பி, என்ன யோசிக்கிறியள்?

ஞானேஸ்வரன்: இல்லை... நல்லதுதானே. நீர் அதில போமன் நகுலா. உமக்கும் அலைச்சல் குறையும்.

நகுலேஸ்வரி: உண்மையாத்தான் சொல்லுறியளோ?

ஞானேஸ்வரன்: பின்ன... நானும் ஒரு மணித்தியாலம் கூடப் படுப்பன்.

லூர்தம்மா: கஞ்சனே சம்மதிச்சிட்டார்! ஓமெண்டு சொல்லும்.

நகுலேஸ்வரி: ஏலாது அக்கா.

லூர்தம்மா: விசரே உமக்கு? இந்தக் கஞ்சனோட கிடந்து...

நகுலேஸ்வரி: அவரைக் கஞ்சன் எண்டு சொல்லாதேங்கோ. விடிய நாலு மணிக்கு பேக்கரி, மத்தியானம் பெற்றோல் செட். அங்கயிருந்து நேரா வந்துதான் என்னை ஏத்துறவர். நான் வேலை முடிஞ்சு போக ஆள் குறட்டை. நாங்கள் ரெண்டு பேரும் இருந்து கதைக்கிறது இந்தக் கியூவிலதான் அக்கா... பாலத்தால போகவேண்டாம் எண்டு சொன்னதே நான்தான்.