பதினைந்து நாள் அட்டை

பழுது வந்த பிறகு பார்ப்பது ரிப்பேர். வருமுன் பார்ப்பது பராமரிப்பு. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் உலகத்தில் அதிகம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழியை எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்; அதற்காக மறுநாள் காலை சீக்கிரம் எழுந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

என் பெயர் ஞானதுரை. தேனியில் ஒரு நூற்பாலையில் இருபத்து மூன்று வருஷமாக மெக்கானிக். மூன்று மாடிக் கட்டடம். பஞ்சு மூட்டை ஏற்றவும் கழிவுப் பஞ்சை இறக்கவும் ஒரு லிப்ட் உண்டு. அதன் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு மாடியிலும் தகடு அடித்த கதவு. கதவுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு நாக்கு. கூண்டு அந்த மாடியில் வந்து நின்றால்தான் நாக்கு விலகும், கதவு திறக்கும். கூண்டு இல்லாத நேரத்தில் யாரும் கதவைத் திறந்து பள்ளத்தில் காலை வைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கட்டைவிரல் அளவு இரும்புத் துண்டு. அதை நம்பித்தான் அத்தனை உயிரும்.

லிப்டோடு மதராஸ் கம்பெனிக்காரர்கள் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்று அதில் இருந்தது. எழுதியவர் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். அவருக்கு எங்கள் வெயில் தெரியாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊர்களில் பேச்சுக்குச் சொல்வது. இங்கே கம்பம் பக்கமிருந்து காற்று கிளம்பினால் உழுத காட்டுப் புழுதியெல்லாம் எழுந்து வந்து ஆலைக்குள் உட்காரும். அந்தப் புழுதியும் பஞ்சுத் தூசியும் கிரீஸும் சேர்ந்தால் பூட்டுக்குள்ளே எள்ளுருண்டை மாதிரி இறுகிவிடும்; விலகிய நாக்கு திரும்ப வந்து விழாது, கூண்டு இல்லாமலே கதவு திறக்கும். அதனால் நானே ஒரு அட்டை தயாரித்தேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம், இன்னின்ன வேலை என்று கட்டம் போட்டு மெஷின் ரூமில் தொங்கவிட்டேன். பன்னிரண்டு வருஷம் ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. அந்த அட்டையைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறையும். பிள்ளைகளைப் பார்த்துக்கூட அப்படி நிறைந்ததில்லை என்று என் மனைவி சாராள் சொல்லுவாள். அதில் பொய் இல்லை.

1974 சித்திரையில் முதலாளியின் மருமகன் ஆதித்தன் மேனேஜராக வந்தார். அட்டையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன ஞானதுரை, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா லிப்டை நிறுத்திக் குளிப்பாட்டிக்கிட்டிருந்தா பஞ்சு எப்பிடி மேல போகும்? புத்தகத்துல மூணு மாசம்னுதான போட்டிருக்காக?"

புழுதியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

ஆடி முதல் தேதி நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதினைந்து நாள் முறையை மறுபடி கொண்டு வராவிட்டால் இந்த ஆடி முடிவதற்குள் லிப்டில் ஓர் உயிர் போகும், அதற்கு நிர்வாகமே பொறுப்பு என்று எழுதியிருந்தேன். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். மேனேஜர் அதை நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்துவிட்டார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. கேண்டீனில் நான் டம்ளரை எடுத்தால், "ஜோசியரே, இன்னைக்கு யாரு முறை?" என்பார்கள். லிப்ட் ஓட்டுகிற சுருளியாண்டி கூண்டுக்குள் ஏறும்போதெல்லாம் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஏறுவான்.

என்னைக் கேலி செய்யாதவள் ஒருத்திதான். மொக்கம்மாள். மூன்றாம் மாடியில் கழிவுப் பஞ்சு கூட்டி மூட்டை கட்டுகிறவள். புருஷன் இல்லை, ராஜாத்தி என்று ஏழு வயதில் ஒரு பெண். என் கடிதத்தை யாரோ வாசித்துக் காட்டிய நாளிலிருந்து அவள் லிப்ட் பக்கமே போகவில்லை. முழங்கால் வலியோடு மூட்டையைப் படியில் இழுத்துக்கொண்டு இறங்கினாள். மற்றப் பெண்கள் சிரித்தபோது, "ஞானதுரை அண்ணே சும்மா எழுதுவாகளா? அவுக சொன்னா காரணம் இருக்கும்த்தா," என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. உண்மையைச் சொன்னால், அன்று என் கண் கலங்கிவிட்டது.

ஆடி ஓடிக்கொண்டிருந்தது. பத்து, இருபது, இருபத்தைந்து. ஒன்றும் நடக்கவில்லை. புழுதி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் புழுதிக்குத் தேதி தெரியாது. ஆவணியிலோ புரட்டாசியிலோ கட்டாயம் நடந்திருக்கும். அதற்குள் என் கடிதம் செல்லாக்காசாகியிருக்கும். அட்டை திரும்பி வந்திருக்காது. அதன் பிறகு எத்தனை பேர் போயிருப்பார்களோ. நான் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஓர் உயிர் ஒரு பக்கம், பல உயிர் ஒரு பக்கம். நியாயமான மனிதர் யாராயிருந்தாலும் இதே முடிவுக்குத்தான் வருவார்.

ஆடி இருபத்தேழாம் தேதி, மூன்றாம் மாடிக் கதவின் பூட்டு நாக்கைப் பின்னால் இழுத்து ஒரு துண்டுக் கம்பியால் கட்டினேன். இப்போது கூண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதவு திறக்கும். இரண்டு நாள் காத்திருந்தேன். யாரும் விழவில்லை. என்னைக் கேலி செய்கிறவர்கள்தான், ஆனாலும் கதவைத் திறந்ததும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டே காலை வைத்தார்கள். ஜோசியத்தை நம்பாதவனும் பூனை குறுக்கே போனால் நின்றுவிட்டுத்தான் போகிறான். என் கடிதமே அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒருவர் எட்டிப் பார்க்காமல் காலை வைக்க வேண்டுமானால், அவருக்கு என்மேல் முழு நம்பிக்கை இருக்க வேண்டும்.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் மூன்றாம் மாடிக்குப் போனேன். மொக்கம்மாள் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா மொக்கம்மா, பூட்டைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டேன். இனி எதுக்குக் காலைக் கெடுத்துக்கிற? லிப்டுலயே எறக்கு."

"சரியாயிருச்சாண்ணே?"

"ஆச்சு. கூண்டு மேலதான் நிக்குது."

"நீங்க சொன்னாச் சரித்தேன்," என்றாள்.

கூண்டு கீழே இருந்தது. அவள் உள்ளே எட்டிப் பார்க்காமலே கதவைத் திறந்துவிட்டு வந்து, மூட்டையை இரண்டு கையாலும் பிடித்து, பின்பக்கமாக நடந்து இழுத்துக்கொண்டே போனாள். அவள் முகம் என்னைப் பார்த்தபடி இருந்தது. சிரித்த மாதிரிகூட இருந்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

கம்பியை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கீழே ஓடினேன். விசாரணைக்கு வந்தவர்கள் பூட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே புழுதி வேண்டிய மட்டும் இருந்தது. நான் எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. சுருளியாண்டி கவனிக்கவில்லை என்று அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கம்பத்தில் ஜீப் ஏறி மலையாளத்து எஸ்டேட் ஒன்றுக்குப் போனவன் திரும்பவில்லை. மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னைக்கே சொன்னீக ஞானதுரை," என்று அழுதார். மறுநாள் அட்டையை அவரே ஆணி அடித்து மாட்டினார்.

பதினோரு வருஷம். லிப்டில் ஒருவருக்குக்கூட ஒரு கீறல் விழவில்லை. மொக்கம்மாளின் உயிர் வீணாகப் போனது என்று யாரும் சொல்ல முடியாது. ராஜாத்தியின் பள்ளிக்கூடச் செலவை நான்தான் பார்த்தேன். என்னை மாமா என்று கூப்பிடுவாள். போன வருஷம் ஆலையில் சேர்ந்துவிட்டாள். அம்மா வேலை பார்த்த அதே மூன்றாம் மாடி. என்ன சொன்னாலும் லிப்டில் மட்டும் ஏற மாட்டாள். படிதான்.

இந்தப் பங்குனியில் ஆதித்தன் இறந்துபோனார். இப்போது இருப்பவர் படித்த பையன். அட்டையைக் கழற்றிவிட்டு, மூன்று மாதம் போதும் என்று டைப் அடித்து அனுப்பிவிட்டார். ஆடி முதல் தேதி அவருக்கும் ஒரு கடிதம் கொடுத்தேன். ஃபைலில் போட்டுவிட்டார். கேலிகூடச் செய்யவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆடி இருபத்தாறு. கோயிலுக்குப் போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். என்றைக்காவது யாராவது கேட்பார்கள்; அப்போது தடுமாறக் கூடாது. நான் எதையும் நடந்த பிறகு செய்கிறவன் இல்லை.

நேற்று ராஜாத்தி படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அம்மாவைப் போல முழங்கால் வலி ஆரம்பித்திருக்கிறது. "லிப்டை நம்பி ஏறலாமா மாமா?" என்று கேட்டாள். புதன்கிழமை சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.