பெட்டி மட்டும் போதும்

ஜான்சி: பெட்டி ரெண்டாயிரத்து நானூறு. உள்ள இருக்கிற கேஸ்கெட் இலவசம்.

தங்கப்பாண்டி: அக்கா, விளையாடாதீக. வெறும் அட்டைக்கு எவனாச்சும்...

ஜான்சி: அட்டைக்கு இல்ல தம்பி, அதுமேல இருக்கிற பேருக்கு. அந்தப் பேருக்கு உண்மையில விலையே கிடையாது. கம்பெனிக்காரன் பாவம் பாத்து இதோட நிறுத்தியிருக்கான்.

தங்கப்பாண்டி: எனக்குக் காலிப்பெட்டி ஒண்ணு போதும்க்கா. கிழிஞ்சதுன்னாலும் சரி. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில மூலைக்கு மூலை கிடக்குமே.

ஜான்சி: கிடக்கும். கடை சாத்துறதுக்குள்ள கிழிச்சுப் போட்ருவேன். காலிப்பெட்டி வெளிய போனா மறுநாளே அதுக்குள்ள டூப்ளிகேட் குடியேறிரும். பிறகு அது ஜான்சி கடைச் சரக்குன்னு போடி டவுன் பூரா ஊர்வலம் வரும்.

தங்கப்பாண்டி: நான் அந்த மாதிரி ஆளா?

ஜான்சி: அப்ப எதுக்குப் பெட்டி?

தங்கப்பாண்டி: அது... மகளுக்கு. பள்ளிக்கூடத்துல ஏதோ செஞ்சுட்டு வரச் சொன்னாகளாம்.

ஜான்சி: ஓவியாவுக்கா? கோயமுத்தூர்ல வேலை கிடைச்சிருச்சுன்னு போன மாசம் இங்கன நின்னு அல்வா குடுத்தீக. திரும்பப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டீகளோ?

தங்கப்பாண்டி: அல்வா குடுத்தது இன்னும் ஞாபகமிருக்காக்கா?

ஜான்சி: அல்வா நல்லா இருந்துச்சு. அதுக்காகவாச்சும் நெசத்தச் சொல்லுங்க.

தங்கப்பாண்டி: அன்னத்தாய் அக்கா கேட்டாகக்கா. ஏலக்காத் தோட்டத்துக்கு என் ஜீப்புல பன்னெண்டு பொம்பளைக போறாகல்ல, அவுகளுக்கு இவுகதான் தலைமை. போன வாரம் மலைரோட்டுல மெட்டு ஏறயில என்ஜின் கொதிச்சு நின்னுபோச்சு. என்ஜினோட மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு...

ஜான்சி: கேஸ்கெட். எனக்கே பாடமா? மேல சொல்லுங்க.

தங்கப்பாண்டி: நாங்க ஆளுக்கு இருநூறு தாரோம், ஒரிஜினலே வாங்கிப் போடு, போட்டதும் பெட்டியக் கொண்டாந்து கண்ணுல காட்டுன்னுட்டாக. இன்னைக்குச் சாயங்காலம் காட்டலைன்னா நாளையிலருந்து ஒச்சாண்டி ஜீப்புல ஏறிருவாகளாம். பன்னெண்டு பேரும் போயிட்டா நான் வெறும் ஜீப்பை வச்சு என்னக்கா செய்ய? வீட்டு வாசல்ல நிறுத்திக் கோழி அடைக்கவா?

ஜான்சி: பன்னெண்டு இருநூறு ரெண்டாயிரத்து நானூறு. என் விலைய அவுகளே கணக்குப் போட்டுக் குடுத்திருக்காக. எடுத்து வைங்க, பெட்டியும் தாரேன், பில்லும் தாரேன்.

தங்கப்பாண்டி: அந்த ரூவா... கொஞ்சம் வேற பக்கம் போயிருச்சுக்கா.

ஜான்சி: ம்.

தங்கப்பாண்டி: ஜீப் தவணைக்குத்தான். சீட்டு ஆடலை, குடிக்கலை.

ஜான்சி: நான் கேக்கவே இல்லையே. வண்டி இப்ப எங்கன நிக்குது?

தங்கப்பாண்டி: ஷெட்ல. என்ஜினைக் கழட்டிப் போட்டிருக்கு.

ஜான்சி: அப்ப பொம்பளைக இன்னைக்கு எதுல போனாக?

தங்கப்பாண்டி: இன்னைக்கு... லீவு.

ஜான்சி: காய் எடுக்கிற நேரத்துல ஏலத்தோட்டத்துல லீவா? நல்ல முதலாளி. பேரு சொல்லுங்க, நானும் வேலைக்குப் போறேன்.

தங்கப்பாண்டி: அக்கா...

ஜான்சி: சரி விடுங்க. கேஸ்கெட்டைக் கடனுக்குத் தாரேன். முன்பணம் வேண்டாம். அடுத்த மாசம் குடுங்க. மாட்டிட்டுப் பெட்டியக் காட்டுங்க.

தங்கப்பாண்டி: வேண்டாம்க்கா. திரும்பவும் பிரிக்கணும்னா மெக்கானிக் கூலி ரெண்டு தடவை ஆயிரும்.

ஜான்சி: கழட்டித்தான கிடக்கு? எதைத் திரும்பப் பிரிக்க?

தங்கப்பாண்டி: ...நேத்தே மாட்டிட்டேன். தேனியில நானூத்தம்பதுக்குக் கிடைச்சுச்சு. பாக்க ஒரே மாதிரிதான் இருந்துச்சுக்கா, அச்சு அசல்.

ஜான்சி: பாக்க இருக்கும். சமதரையில, சின்னமனூர் ரோட்டுல ஓடுனா ஓடவும் செய்யும். மெட்டு ஏத்தத்துல, ஆள் பாரத்தோட, அந்தச் சூட்டுக்கு அது தாங்காது. தண்ணி ஆயிலுக்குள்ள எறங்கும், என்ஜின் நிக்கும். என்ஜின் நின்னா பிரேக் மிதி கல்லு மாதிரி ஆயிரும். உங்களுக்குத் தெரியாததா?

தங்கப்பாண்டி: ஒரு மாசம் ஓடுனாப் போதும்னு நினைச்சேன். பிறகு ஒரிஜினல் போட்டுக்கிரலாம்னு... காலையில டிரைவர் கார்த்திக்ராஜ் ஆள் ஏத்திட்டுத்தான் போனான். ஒண்ணும் ஆகலையே.

ஜான்சி: ஆகலைன்னு யாரு சொன்னா?

தங்கப்பாண்டி: ஆகியிருந்தா போன் அடிச்சிருப்பான்ல.

ஜான்சி: எங்க, போனை எடுங்க.

தங்கப்பாண்டி: ஆஃப் பண்ணி வச்சிருக்கேன். பைனான்ஸ்காரக தொல்லை.

ஜான்சி: அதான் எனக்கு அடிச்சான்.

தங்கப்பாண்டி: கார்த்திக்ராஜா? எப்ப?

ஜான்சி: ஏழு மணிக்கு. வளைவுல நின்னுபோச்சாம். புகையா வந்திருக்கு.

தங்கப்பாண்டி: ஆளுக...? அக்கா, ஆளுகளுக்கு?

ஜான்சி: ஒக்காருங்க முதல்ல. யாருக்கும் ஒண்ணுமில்ல. வண்டி பின்னால உருள ஆரம்பிச்சிருக்கு. கடைசி சீட்டுல இருந்த மாரீஸ்வரி குதிச்சுத் தடுப்புக்கட்டையை டயருக்கு அடியில குடுத்துட்டா. அவளுக்கு முட்டியில சிராய்ப்பு, அவ்வளவுதான்.

தங்கப்பாண்டி: காலையிலருந்து தெரிஞ்சு வச்சுக்கிட்டா என்னைய இவ்வளவு நேரம் பேச விட்டீக?

ஜான்சி: அன்னத்தாயும் போன்ல பேசினாக. காசு வாங்குனானே, கேஸ்கெட் உங்க கடையிலதான் வாங்குனானான்னு கேட்டாக. இல்லைன்னேன். பெட்டி தேடி வருவான், அவனா வாயத் தொறந்து சொல்றானான்னு பாருங்கன்னாக. பாத்தேன்.

தங்கப்பாண்டி: கடைசியிலயாச்சும் சொன்னேன்ல... நாளைக்கு என் ஜீப்புல ஏறுவாகளா, அத மட்டும் சொல்லுங்க.

ஜான்சி: கணக்குத் தீந்தா ஏறுவாகளாம். ஒரிஜினல் கேஸ்கெட்டோட மெக்கானிக் செல்வினை அப்பவே மேல அனுப்பிட்டேன், சாயங்காலத்துக்குள்ள மாட்டிருவான். கேஸ்கெட் ரெண்டாயிரத்து நானூறு. மலையேறிப் போய் மாட்டுற செல்வின் கூலி ஆயிரத்து ஐநூறு. ஆளுகளைத் தோட்டத்துல கொண்டு விட்ட ஒச்சாண்டிக்கு வாடகை எண்ணூறு. பன்னெண்டு பேருக்கும் பறிபோன அரைநாள் சம்பளம் மூவாயிரம். ஆக மொத்தம் உங்க பாக்கி ஏழாயிரத்து எழுநூறு. அது வர்ற வரைக்கும் ஜீப் சாவி அன்னத்தாய் மடியில.