டப்பாத்தலையனுக்கு எத்தனை படம்

— கையுறை போடாம பிலிம் சுருளைத் தொடாதே வெர்னா. எத்தனை தரம் சொல்றது.

— போட்டாச்சு, பாரு, ரெண்டு கையிலயும். விவாகரத்து ஆகியும் அதட்டுறதை விடல நீ. சீக்கிரம் சுத்து ஆர்லோ. மூணு மணிக்கு கமிட்டி கூடுது.

— பொறு பொறு. டுலூத் ஊர்ல ஏதோ நிலவறையில அறுபது வருஷமா கிடந்த படம், வேகமா சுத்தினா ஒடிஞ்சு கையோட வந்துரும். ஆமா, காலேஜ்ல உன் வேலையை நிரந்தரம் பண்றதுக்கும் ஒரு கார்ட்டூனுக்கும் என்ன சம்பந்தம்?

— என் புத்தகமே இதுதானே, கேளேன். ‘செவ்வாய்க்குப் போன பால்வண்டி’யில மனுஷங்களுக்கு ஒரு படம் வரைஞ்சு, அதையே பிலிம்ல அடுத்தடுத்த ரெண்டு கட்டத்துல எடுத்திருக்காங்க. எல்லா ஸ்டூடியோவும் பண்ற சிக்கனம்தான். ஆனா அந்த ரோபோ டப்பாத்தலையன் இருக்கானே, அவனுக்கு மட்டும் கட்டத்துக்குக் கட்டம் புதுப்படம். நடை சும்மா எண்ணெய் விட்டாப்ல வழுக்கிட்டுப் போகும். அந்த விண்கப்பல்ல மெஷினுக்குத்தான் முழு உயிர், மனுஷங்களுக்குப் பாதி உயிர்னு முன்னூறு பக்கம் எழுதியிருக்கேன்.

— நாம பிரிஞ்சதே அந்த முன்னூறு பக்கத்தாலதான். சரி, உன்னை மறுத்து எழுதின அந்த ஐயோவா யுனிவர்சிட்டிக்காரன் என்ன சொல்றான்?

— பிக்கெட்டா? நான் எண்ணினது டிவிக்காரங்க டேப்புலயாம். டேப்புக்கு மாத்தும்போது பக்கத்துப் பக்கத்துக் கட்டம் கலந்துபோய், இல்லாத கட்டம் ஒண்ணு முளைச்சுருமாம். அதைப் புதுப்படம்னு எண்ணிட்டேனாம். நேரா கமிட்டிக்கே எழுதிட்டான். அசல் சுருள் உலகத்துலயே இல்லைன்னு நினைச்சுட்டு இருந்தேன். காலையில நீ போன்ல சுருள் வந்திருக்குன்னு சொன்னதும் காரை எங்க விட்டேன்னு கூட ஞாபகமில்ல.

— பனி அள்ளுற வண்டிக்கு முன்னாடி விட்டிருக்கே. இழுத்துட்டுப் போகப்போறான்.

— போகட்டும். இந்தா, கேப்டன் வந்துட்டான். ஒரே படம் ரெண்டு கட்டம். அடுத்ததும் ரெண்டு. பார்த்தியா, நான் சொன்னேன்ல?

— பொறு பொறு. உன் டப்பாத்தலையன் வர்றான். பூதக்கண்ணாடியை நீயே பிடி.

— குடு, நானே எண்ணறேன்.

— என்ன வெர்னா? எத்தனை வருது?

— ரெண்டு. இவனுக்கும் ரெண்டு ரெண்டுதான். பிக்கெட் சொன்னது சரி, ஆர்லோ.

— சரி, விடு. இந்த அறையில யாரு இருக்கா, நீயும் நானும்தானே. சுருள் நாளைக்குத்தான் வருதுன்னு நான் சொல்லிடறேன். நீ போய் வேலையை வாங்கிக்கோ.

— உன் மனசு எனக்குத் தெரியும்டா. ஆனா வேணாம். நாளைக்கு இதே படத்தை எந்த மூஞ்சியோட பாடம் நடத்துவேன்? போய் தப்பா எண்ணிட்டேன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி மிச்சத்தையும் சுத்து. வாழ்க்கையில ஒரு தரமாவது அசலை முழுசாப் பார்த்துக்கறேன்.

— சமையல்கட்டு வருது. யாரு இந்தப் பொண்ணு?

— லோயிஸ். எல்லாருக்கும் காபி ஊத்துவா. படம் பூரா வருவா, ரெண்டு வார்த்தை பேசுவா, அவ்வளவுதான்.

— இவளையும் எண்ணினியா?

— இவளை எதுக்கு எண்ணணும்? கேப்டனை எண்ணினேன், டப்பாத்தலையனை எண்ணினேன். நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ.

— என்ன?

— கை பாரு. இந்தக் கட்டத்துல இங்க இருக்கு. அடுத்ததுல நகர்ந்திருக்கு. அதுக்கு அடுத்ததுல இன்னும் கொஞ்சம். ஒண்ணு கூட ரெண்டாவது தரம் வரல, ஆர்லோ. கூஜா, விரல், முடி, எல்லாம் புதுசு.

— காபி ஊத்துறவளுக்குப் போய் யாராவது இவ்வளவு வரைவாங்களா? காசில்லாத ஸ்டூடியோன்னு நீதானே சொன்னே.

— அதான் கேக்கறேன். எதுக்கு வரைஞ்சாங்க? அவ ஒரு வாய் காபி குடிச்சு எங்கயாவது பார்த்தியா?

— இவ்வளவு நேரத்துல இல்ல. சாப்பாட்டு மேஜையில கூட நின்னுட்டேதான் இருந்தா.

— கண்ணு சிமிட்டினாளா?

— ஒரு கட்டத்துல கூட இமை மூடல, வெர்னா.

— சுருளைப் பெட்டியில வை. கமிட்டிக்கு நீயும் வர்றே. புத்தகம் தப்பில்ல ஆர்லோ, ஆளைத்தான் மாத்திப் பிடிச்சுட்டேன். அந்தக் கப்பல்ல நிஜ ரோபோ டப்பாத்தலையன் இல்ல, லோயிஸ்.