மூன்று வாசல் பாட்டு

— மறுபடியும் சொல்றேன், படி ஏற வேண்டாம். கேக்கறதை அங்கேர்ந்தே கேளுங்கோ, ப்ரொபசர் சார்.

— என்ன மன்னி, வெங்குன்னுதானே கூப்பிடுவேள்?

— அது நீங்க என் கையால தயிர்சாதம் தின்ன காலத்துல. இப்ப நீங்க பாரசீகக் கவியைத் தமிழ்ல கொண்டுவந்த பெரியவர். புஸ்தக அட்டையிலேயே போட்டிருக்கே.

— முன்னுரையில சேஷன் அண்ணா பேரைப் போடணும்னுதான் இருந்தேன். பிரஸ்காரன் அவசரப்படுத்திட்டான்.

— எட்டு வருஷம்! சாலைக்கடையில அத்தர் விக்கற உஸ்தாதண்டை அலிஃப், பே எழுத்துலேர்ந்து பாரசீகம் படிச்சு எங்காத்துக்காரர் எழுதின நோட்டு. ரெண்டு நாள்ல தரேன்னு வாங்கிண்டு போனேள். ஜுரத்துல கெடந்தவர் உங்க பேர் போட்ட புஸ்தகத்தைப் பாத்துட்டுத்தான் கண்ணை மூடினார். என் வயிறு இன்னும் எரியறது. சொல்லுங்கோ, என்ன வேணும்?

— நாளைக்குக் காலம்பற எனக்குப் பாராட்டு விழா. ஹைதராபாத்லேர்ந்து ஒரு மௌல்வி வந்திருக்கார், பாரசீகத்துல கரைகண்டவர். முதல் பாட்டுக்கு மூலம் எங்கேன்னு கேக்கறார். பழைய பிரதி எதிலயும் இல்லையாம்.

— எது, மூணு வாசல் பாட்டா?

— அதேதான். 'மூன்று வாசலில் உன்னைப் பார்த்தும் முழுதாய்க் காணேன். உறங்குவோனே, கண் திற.'

— அதுக்கு என்ன வியாக்யானம் எழுதினேள்?

— பிறப்பு, வாழ்வு, மரணம். அந்தக் கவி வானசாஸ்திரி இல்லையா? சுல்தானுக்கு வருஷத்தோட நீளத்தைக் கணிச்சுக் குடுத்தவன். காலத்தைத்தான் வாசல்ங்கறான்னு பத்து பக்கம் எழுதியிருக்கேன்.

— பேஷ், பேஷ்.

— அவன் செத்தப்புறம் யார்யார் பாட்டையோ அவன் தலையில கட்டிட்டதா ஒரு சம்சயம் உண்டு. இதுவும் அப்படித்தான்னு சொல்லிப் பாத்தேன். மௌல்வி விடலை.

— அவன் தலையில ஊரான் பாட்டு. உங்க தலையில ஊரான் கிரீடம்.

— திட்டுங்கோ, வேணும்னா அடிங்கோ. அண்ணா மூலத்தை எங்கேயாவது எழுதி வெச்சிருப்பார். அது இல்லைன்னா ஊரே சிரிக்கும், மன்னி. வேலையும் போயிடும்.

— சூடாமணி! அப்பா பெட்டியில மேலாப்ல உஸ்தாத் எழுதின காகிதம் இருக்கு. எடுத்துண்டு வாடி.

— இந்தாம்மா.

— படிச்சுப் பாருங்கோ சார், இதுதானான்னு.

— ம்... ஆமாம், ஆமாம். இதேதான்! என்ன அழகான கையெழுத்து! மன்னி, உங்க காலைத் தொட்டு...

— வேண்டாம். சபையில எல்லார் முன்னாடியும் மௌல்வி கையில குடுங்கோ. எனக்கு அது போரும்.

— கட்டாயம். வரேன் மன்னி.

— அம்மா, அவர் தெருமுனை திரும்பியாச்சு. எனக்கு ஒண்ணும் புரியலை. அது அப்பாவே எழுதின காப்புச் செய்யுள் இல்லையா? நம்ம பத்மநாபசுவாமியைத்தானே மூணு வாசல்ல பாக்கறோம், முகம் ஒண்ணு, நாபி ஒண்ணு, பாதம் ஒண்ணுன்னு?

— சுவாமியைக் கும்பிட்டுட்டு மொழிபெயர்க்க உக்காந்தார் உன் அப்பா. தெனம் அந்தக் கோவில்ல போய் நிக்கற பிரகஸ்பதிக்கு அது தெரியலை.

— அப்ப அதுக்குப் பாரசீகமே கிடையாதே! அந்தக் காகிதம் ஏது?

— மௌல்வி வரார்னு கேள்விப்பட்ட அன்னிக்கே உஸ்தாதண்டை சொல்லிப் பாரசீகத்துல எழுதி வாங்கினேன். உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கட்டும்.

— என்னன்னும்மா எழுதியிருக்கு?

— 'இதைக் கொண்டுவந்தவரையே இதைப் படிக்கச் சொல்லுங்கோ'ன்னு எழுதியிருக்கு.