தலை ஆடிக்கு அழைச்சிருக்காங்க

போகாதடின்னு சொன்னீங்க இல்லைங்க, இப்ப? உங்களுக்கே தெரியாம சொல்லிட்டீங்க போல, காதுல வுழுந்துச்சு. ஐயோ, தப்பா நெனைக்காதீங்கக்கா, எட்டிப் பாக்கறவ இல்ல நான். பஸ்ஸு குலுங்கினதுல உங்க போன் என் பக்கம் சாஞ்சிடுச்சு. கொரியன் சீரியல்தானே? தமிழ்ல பேசறதா வெச்சிருக்கீங்க. நான் சப்டைட்டில் போட்டுத்தான் பாப்பேன். கொரல மாத்திட்டா பாதி சேதி போயிடுதுங்க.

இல்ல, சாதாரணமா நான் யாருகிட்டயும் பேச மாட்டேன். காலேஜ்ல வைவான்னாலே எனக்குக் காய்ச்சல் வந்துடும். இன்னிக்கு என்னமோ, பேசாம இருக்க முடியல. நீங்க எறங்கறது பாலக்கோடுதானே? நாங்களும் அங்கதான்.

அந்தப் பொண்ணப் பெரிய வூட்டுக்குச் சாப்பிடக் கூப்ட்டுருக்காங்க, அதானே? மாமியாக்காரி சிரிக்கிறா பாருங்க. முந்தின எபிசோடுல மூஞ்சில தண்ணி ஊத்தினவ. கத்தறவங்களப் பாத்து நான் பயப்பட மாட்டேங்க, கத்திட்டுப் போயிடுவாங்க. திடீர்னு கொரல் எறங்குறவங்களப் பாத்தாதான் எனக்குப் பயம். இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா? அங்க ஒருத்தர ஏத்துக்கிட்டாங்கன்னா, கறியோ மீனோ ஒரு துண்டு எடுத்து அவங்க சோத்து மேல வெப்பாங்க. வாயால ஒண்ணும் சொல்றதில்ல. வெக்கலன்னா, எத்தினி சிரிச்சாலும் ஏத்துக்கல.

எங்கக்கா காவியா இதெல்லாம் கவனிக்க மாட்டா. ஒரே போர்வைக்குள்ள இயர்போன ஆளுக்கொரு காதுல மாட்டிக்கிட்டுப் பாப்போம், அவ அழுதுக்கிட்டே இருப்பா. கடைசி எபிசோடுல அப்பன் மனசு எறங்கிடும் பாருடின்னுவா. அந்த நம்பிக்கைலதான் மாசி மாசம் ஓசூருக்குப் போயி பூவரசனக் கட்டிக்கிட்டா. அவரும் எங்க ஊருதான். ரோட்டுக்கு அந்தாண்ட. வேற ஆளுங்க. புரியுதுங்களா? ம்.

எங்கப்பா கத்தினாரு. அப்புறம் மொட்டை அடிச்சிக்கிட்டாரு. உசுரோட இருக்கற பொண்ணுக்குக் கருமாதி பண்ணி, பஸ் ஸ்டாப்புல கண்ணீர் அஞ்சலி பேனர் வெச்சாரு. அதுல அக்கா சிரிச்சிக்கிட்டு இருந்தா, காலேஜ் டூர்ல எடுத்த போட்டோ. நான் எடுத்ததுதான்.

அப்படிப்பட்ட மனுசன் போன வாரம் என் போன வாங்கி அவகிட்ட பேசினாருங்க. கண்ணு, தலை ஆடி, நீயும் மாப்ளையும் வந்துடுங்க, பதினெட்டுக்கு ஒகேனக்கல் போயிக் குளிச்சிட்டு வரலாம்னு. அவ்ளோ மெதுவா. கடைசி எபிசோடு வந்துடுச்சுடின்னு அக்கா எனக்கு மெசேஜ் போட்டா. வேற யாரு போயிக் கூப்ட்டாலும் யோசிப்பா, நீ போன்னு என்னைய அனுப்பி வெச்சாரு. ஆத்துல தண்ணி அதிகம், பரிசலே வுடலயாமேப்பான்னேன். கூட்டம் இல்லாத எடம் எனக்குத் தெரியும்னாரு.

இருக்கட்டுமே, பெத்தவரு மனசு மாறக் கூடாதான்னு கேக்கறீங்க. நானும் அதையேதான் சொல்லிக்கிட்டு வரேன். ஆனா எங்கண்ணன் வீரமணி காலைல இருந்து போன் பண்ணிக்கிட்டே இருக்கான். அக்கா ஏறிட்டாளான்னு ஒரு தடவ கேக்கல. அவன் வரானா, கண்டிப்பா கூட வரானான்னுதான் கேக்கறான். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுல சித்தப்பாவும் அவனும் கார் எடுத்துக்கிட்டு வந்து நிக்கறாங்களாம்.

அதோ, டிரைவருக்குப் பின்னாடி கனகாம்பரம் வெச்சிருக்கறவதான் அக்கா. அவ தோள்ல சாஞ்சு தூங்கறாரே, அவருதான் பூவரசன். நைட் ஷிப்டு முடிச்சு நேரா வந்துட்டாரு. எங்கப்பாவுக்கு ஸ்வீட் வேற வாங்கி மடில வெச்சிருக்காரு. பொட்டி நசுங்கிடும்னு அக்கா ஒரு கையால புடிச்சிருக்கா பாருங்க.

உங்க வூட்டுல தலை ஆடிக்கு அழைச்சா என்னா பண்ணுவாங்க? மொதல்ல மாப்ளைக்குத்தானே வேட்டி சட்டை எடுப்பாங்க? நேத்து ஜவுளி எடுத்தாந்து கட்டில் மேல பரப்பி வெச்சிருந்தாங்க. எனக்குச் சுடிதார், அக்காவுக்குப் பொடவ, அண்ணனுக்குக் கூட சட்ட. வேட்டி எங்கம்மான்னு கேட்டேன். எங்கம்மா பொடவைய மடிச்சுக்கிட்டே, அது என்னாத்துக்குன்னுச்சு. அப்புறம் நான் கெளம்பற வரைக்கும் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல.

இது மாரண்டஹள்ளிதானே? வண்டி எடுத்துட்டாங்களா? கொஞ்சம் கால மடக்குங்கக்கா. வழி வுடுங்க, வழி வுடுங்க. கண்டக்டரண்ணா! நிறுத்துங்க! டிக்கெட் பாலக்கோடுக்குத்தான், பரவால்ல, மூணு பேரு இங்கயே எறங்கறோம். காவியா, மாமாவ எழுப்பு.