அலமாரி என்று ஒட்டிய கதவு

“எல்லாத்துக்கும் பேர் எழுதி ஒட்டுறீங்களே, என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுங்க,” என்பாள் என் மனைவி.

“எதுக்கு? நீ என்ன சர்க்கரை டப்பாவா, உப்புன்னு மாத்தி எடுக்க?” என்பேன்.

நூலகத்தில் புத்தகங்களுக்குச் சீட்டு ஒட்டியே ஓய்வு பெற்றவன் நான், மேடம். வீட்டிலும் கை சும்மா இருக்காது. இருபத்தாறு வருஷம் கிண்டல் செய்தவள், ஒரு நாள் பெட்டியோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளவில்லை, அதுதான் வருத்தம். வாய்விட்டுக் கேட்டிருந்தால் நானே வண்டி பிடித்துக் கொடுத்திருப்பேன்.

மூன்று வருஷம் கழித்து மருந்துக்கடை வாசலில் தனியாக நின்றிருந்தாள். காலில் ஜோடி மாறிய செருப்பு. மறதி நோய் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“எங்கேயோ பாத்த முகமா இருக்கே,” என்றாள்.

“உன் புருஷன்தான்.”

“அப்படியா? இன்னும் கொஞ்சம் தேடியிருக்கலாம்,” என்று சிரித்தாள்.

நான் பொய் சொல்லவில்லை. அவள் அனுப்பிய விவாகரத்துத் தாளில் நான் கையெழுத்தே போடவில்லையே. நான் வீடு மாறியிருந்தது தங்கைக்குத் தெரியாது. கூட்டிவந்தேன்.

கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். வேளைக்கு மாத்திரை கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். ‘குளியலறை’, ‘சூடு, தொடாதே’ என்று வீடெங்கும் சீட்டு. என் சட்டைப் பையில் ‘கணவர்’. தினமும் படித்துவிட்டு, “நீங்களே ஒட்டிக்கிட்டதா?” என்பாள். வாய் மட்டும் மறக்கவில்லை.

அவள் பையில் இருந்த தங்கையின் படத்தில் ‘பழைய வாடகைக்காரி’ என்று ஒட்டினேன். பார்த்து அழுகிறாளே என்றுதான். தெருவில் ‘காணவில்லை’ என்று இவள் படத்தை ஒட்டியிருந்தார்கள். மட்டமான பசை, சுலபமாக உரிந்துவந்தது. வாசல் கதவைப் பூட்டி, ‘அலமாரி’ என்று ஒட்டினேன். வெளியே போனால் வழி தெரியாதே.

பதினோரு மாதம் ஒரு குறையும் இல்லை. நீங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்து பூட்டை உடைப்பதற்கு முந்தின நாள், மருந்துக்கடைக்காரர் சொல்லித் தங்கை வந்து தட்டினாள். “அக்கா, உள்ளே இருக்கியா?”

ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

“அலமாரி என்னை அக்கான்னு கூப்பிடுதே. உள்ளே என்ன வச்சிருக்கீங்க?”

“பழைய துணி.”

அவள் நகத்தால் கதவிலிருந்த சீட்டைக் கிழியாமல் உரித்து என் உள்ளங்கையில் ஒட்டினாள். பிறகு ஒன்று கேட்டாள்.

நான் திறக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். கேட்டது நோய்தானே மேடம், அவள் இல்லையே. இருந்தாலும் வார்த்தை பிசகாமல் சொல்கிறேன்:

“இருபத்தாறு வருஷமா கேக்கணும்னு நெனச்சு வாய் வரலை. என்னைப் போக விடுங்க.”